நரியும் தனுக்கியும் ஒரே வளையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானியக் கார்ட்டூன்களில் நரி, தனுக்கி, பூனை, கப்பா எல்லாம் ஒரே பழைய வீட்டில் குடியிருக்கும். காலையில் சண்டை, சாயங்காலம் சமாதானம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே பந்தி. இதைப் பார்த்துவிட்டு, மூலக் கதைகளிலும் இவை இப்படித்தான் பழகினவா என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. அப்படியெல்லாம் இல்லை. பழைய கதைகளில் இவை ஒன்றையொன்று ஏமாற்றின, துரத்தின, நடுக்கடலில் தூக்கிப் போட்டன. ஆனாலும் ஒரே நாட்டில், சில சமயம் ஒரே வளையில், பல நூற்றாண்டு காலம் தள்ளியிருக்கின்றன. எல்லை பிரித்துக்கொண்டார்கள், பங்கு பேசினார்கள், தேவைப்பட்டால் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கார்ட்டூன் பாசத்தைவிட எனக்கு இந்தப் பஞ்சாயத்துதான் பிடித்திருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் யார் யார்?

உருமாறும் விலங்குகளில் முதல் இடம் நரிக்கு, ஜப்பானியத்தில் கிட்சுனே. அடுத்தது தனுக்கி. நாய்க் குடும்பத்துப் பிராணிதான், ஆனால் ரக்கூன் மாதிரி கண்ணைச் சுற்றிக் கறுப்பு, குட்டைக் கால், குளிர்காலத்தில் உரோமம் அடர்ந்து பந்து போல உருண்டுவிடும். அப்புறம் வயதாகிப்போன வீட்டுப் பூனை: அதற்குப் பகேநெகோ என்று பெயர், வால் இரண்டாகப் பிளந்துவிட்டால் நெகோமாதா. முஜினா என்று ஒன்று உண்டு. அது என்ன பிராணி என்பதே ஒரு வழக்கு, நிஜமாகவே கோர்ட்டு வரை போன வழக்கு, கீழே வருகிறது. ஆற்றில் கப்பா: குழந்தை அளவு உடம்பு, முதுகில் ஓடு, உச்சந்தலையில் தண்ணீர் நிறைந்த ஒரு குழி. நீர்நாயும் பெண் வேடம் போட்டு வழிப்போக்கர்களை மயக்கும் என்று கதைகள் உண்டு. பாவம், அந்த நீர்நாய் இப்போது கதையில் மட்டும்தான் இருக்கிறது. 1979இல் கோச்சி மாகாணத்தில் கடைசியாக உறுதியாகக் காணப்பட்டது, 2012இல் அரசே அழிந்துபோன இனம் என்று அறிவித்துவிட்டது.

இவற்றையெல்லாம் சேர்த்து யோகாய் என்பார்கள். பேய், பிசாசு, பூதம் என்று எந்தத் தமிழ்ச் சொல்லும் இதற்குச் சரியாகப் பொருந்தாது. 1776இல் தோரியாமா செகியென் என்ற ஓவியர் பக்கத்துக்கு ஒன்றாக இவற்றை வரைந்து பட்டியல் போலப் பதிப்பித்தார். நாம் இன்று பார்க்கும் உருவங்களில் நிறைய அங்கிருந்து வந்தவை.

நரிக்கும் தனுக்கிக்கும் ஏன் ஆகாது?

தொழில் போட்டிதான். இரண்டுக்கும் ஒரே பிழைப்பு, வேடம் மாறி மனிதனை ஏமாற்றுவது. 'நரிக்கு ஏழு வேடம், தனுக்கிக்கு எட்டு' என்று ஒரு சொலவடையே இருக்கிறது. சில ஊர்க்காரர்கள் அதோடு நிறுத்தாமல் மரநாய் போன்ற இன்னொரு பிராணியையும் சேர்த்து அதற்கு ஒன்பது என்பார்கள்.

ஆனால் குணம் வேறு வேறு. நரி வேடம் போட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்: பழிவாங்க, காதலிக்க, குடும்பம் நடத்த, சில சமயம் ராஜாங்கத்தையே கவிழ்க்க. தனுக்கிக்கு அப்படியெல்லாம் பெரிய திட்டம் கிடையாது. இலையைப் பணமாக்கிக் காட்டிச் சாராயம் வாங்கிக் குடிக்கும், நிலா வெளிச்சத்தில் தன் தொப்பையையே மத்தளமாக்கித் தட்டும், அடுப்பில் வைத்தால் சுடுகிறது என்று கத்தும் கெண்டியாக மாறி மாட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு நரி, நெல்லுக்கும் செழிப்புக்கும் உரிய இனாரி தெய்வத்தின் தூதர். கோயில் வாசலில் வாயில் சாவியோ நெற்கதிரோ கவ்வியபடி சிலையாக உட்கார்ந்திருக்கும். கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி 711இல் தொடங்கியது என்று சொல்லப்படும் கோயில். அங்கே உத்தியோகம் பார்க்கிறவருக்கும் மதுக்கடை வாசலில் சாராயக் குடுவையோடு பொம்மையாக நிற்கிறவருக்கும் எப்படி ஒத்துப்போகும், சொல்லுங்கள்.

சாதோ தீவில் நரியே இல்லையாமே, தனுக்கி துரத்திவிட்டதா?

நரி இல்லை என்பது உண்மை. துரத்தியது தான்சபுரோ என்ற தனுக்கித் தலைவர் என்பது கதை. எனக்கு மிகவும் பிடித்த கதை.

தான்சபுரோ ஊர்சுற்றிவிட்டுப் பெருநிலத்திலிருந்து தீவுக்குத் திரும்பும்போது வழியில் ஒரு நரி வந்து ஒட்டிக்கொள்கிறது. 'சாதோவைப் பார்க்க வேண்டும், என்னையும் கூட்டிப் போங்கள்.' சரி வா என்கிறார் தான்சபுரோ, ஆனால் உன்னை இப்படியே படகில் ஏற்றினால் சந்தேகப்படுவார்கள், நீ என் செருப்பாக மாறிவிடு. நரியும் வைக்கோல் செருப்பாக மாறுகிறது. அவர் காலில் மாட்டிக்கொண்டு படகேறுகிறார். நடுக்கடல் வந்ததும் செருப்பைக் கழற்றி அலையில் வீசிவிட்டு, வெறுங்காலோடு ஊர் போய்ச் சேருகிறார்.

இன்னொன்றும் சொல்வார்கள். வேறொரு நரி போட்டிக்குக் கூப்பிடுகிறது. தான்சபுரோ, 'நான் பெரிய பிரபுவின் ஊர்வலமாகவே மாறி வருகிறேன், பார்' என்று சொல்லிவிட்டு மறைந்துவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் சாலையில் பல்லக்கும் ஈட்டியும் குதிரையுமாக ஊர்வலம் வருகிறது. நரி குதித்துப் போய்ப் பல்லக்குப் பக்கத்தில் நின்று, 'பிரமாதம், பிரமாதம்' என்று கைதட்டிக் கேலி செய்கிறது. வந்தது அசல் பிரபு, அசல் சாமுராய்கள். நரியின் கதை அங்கேயே முடிந்தது. தான்சபுரோ அன்றைக்கு வேடமே போடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்குப் பின்னால் ஒரு சுரங்கமும் இருக்கிறது. சாதோவில் 1601 முதல் தங்கச் சுரங்கம் நடந்தது. உலைக்குக் காற்றடிக்கும் துருத்திக்குத் தனுக்கித் தோல் வேண்டும். அதற்காகத்தான் தீவுக்குத் தனுக்கியையே வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள் என்றும், கொண்டுவந்த வியாபாரியின் பெயர்தான் தான்சபுரோ என்றும் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். தோலுக்காக வந்த பிராணி கடைசியில் தீவுக்கே தலைவராகி, இன்று அவருக்குக் கோயிலும் இருக்கிறது.

ஷிகோகு தீவிலும் நரி கிடையாது என்கிறார்களே?

குறைவு, ஆனால் உண்டு. ஷிங்கோன் புத்த மரபை நிறுவிய கோபோ தைஷி, நரிகளின் அட்டகாசம் தாங்காமல், 'கடல் மேல் இரும்புப் பாலம் வரும்வரை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதே' என்று தீவை விட்டு அனுப்பினார் என்பது கதை. அந்தக் காலத்தில் அதற்கு அர்த்தம் 'எப்போதுமே வராதே' என்பதுதான். 1988இல் பெருநிலத்தையும் ஷிகோகுவையும் இணைக்கும் செத்தோ பெரும்பாலம் திறந்தபோது பலருக்கு இந்தக் கதை ஞாபகம் வந்தது. கெடு முடிந்துவிட்டது, நரி வரலாமா?

நரி இல்லாத ஊரில் தனுக்கிகளாவது நிம்மதியாக இருந்தனவா?

எங்கே! ஷிகோகுவின் தோக்குஷிமா பக்கம் தனுக்கிகளுக்குள்ளேயே ஒரு பெரும் போர் நடந்த கதை உண்டு. 1830களில் நடந்ததாகச் சொல்வார்கள். கொமாட்சுஷிமா ஊரில் மோஎமோன் என்ற சாயக்காரர், ஆட்கள் அடித்துக்கொண்டிருந்த ஒரு தனுக்கியைக் காப்பாற்றுகிறார். கொஞ்ச நாளில் கடை வேலைக்காரன் ஒருவன் மேல் தனுக்கி இறங்கி, 'என் பெயர் கின்ச்சோ, வயது 206, நன்றிக்கடன் தீர்க்க வந்திருக்கிறேன்' என்று பேசுகிறது. கடைக்கு வருகிறவர்களுக்குக் குறி சொல்கிறது, நோய் தீர்க்கிறது, வியாபாரம் பொங்குகிறது.

கின்ச்சோவுக்குத் தனுக்கி உலகத்தில் பட்டம் எதுவும் இல்லை. பட்டம் வாங்க, சுதா ஊரில் இருந்த ரொக்குஎமோன் என்ற பெரிய தனுக்கியிடம் போய்ச் சேர்கிறது. நன்றாகப் படிக்கிறது. ரொக்குஎமோனுக்கு ஆளைப் பிடித்துப்போய், மகளைக் கட்டிக்கொண்டு இங்கேயே இரு என்கிறார். கின்ச்சோவுக்கு அவருடைய கொடூரக் குணமும் பிடிக்கவில்லை, சாயக்காரரை விட்டு வரவும் மனமில்லை. மாட்டேன் என்கிறது. வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்க மறுத்ததில் ஆரம்பித்தது போர். இரவில் ஆள் விட்டுத் தாக்குகிறார்கள், கின்ச்சோ தப்புகிறது, இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் தனுக்கிகள் திரள்கின்றன, கடற்கரையில் மூன்று நாள் சண்டை. ரொக்குஎமோன் சாகிறார், காயத்தோடு ஊர் திரும்பிய கின்ச்சோவும் பிழைக்கவில்லை. சாயக்காரர் அதற்குத் தெய்வப் பட்டம் கொடுத்துக் கும்பிட்டார். கொமாட்சுஷிமாவில் கின்ச்சோ கோயில் இன்றும் இருக்கிறது. மனிதரும் தனுக்கியும் ஒரே கூரையின் கீழ் சுமுகமாக இருந்தார்கள். தனுக்கியும் தனுக்கியும்தான் முடியவில்லை.

'ஒரே வளை முஜினா' என்றால் என்ன?

நம்முடைய 'ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்'தான். பார்க்க வேறு வேறு ஆள், உள்ளே ஒரே சரக்கு. திட்டுவதற்குத்தான் பயன்படுத்துவார்கள். ஆனால் அதில் இருக்கும் இயற்கை உண்மை அழகானது. பேட்ஜர் என்ற பிராணிக்கு வளை தோண்டுவதே வேலை, அறை அறையாகத் தோண்டும். தனுக்கிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பேட்ஜர் விட்டுப்போன வளையிலோ, பேட்ஜர் இருக்கும்போதே இன்னொரு அறையிலோ போய்ப் படுத்துக்கொள்ளும். நரியும் சில நேரம் இதையே செய்யும். ஒரே வாசல் வழியாக இரண்டு விதமான ஆட்கள் போய்வருவதைப் பார்த்த கிராமத்தார் இரண்டையும் குழப்பிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. முஜினா என்ற பெயர் சில ஊரில் பேட்ஜருக்கு, சில ஊரில் தனுக்கிக்கு, சில ஊரில் இரண்டுக்கும். சாதோ தீவில் தான்சபுரோவையே முஜினா என்றுதான் சொல்வார்கள்.

இந்தக் குழப்பம்தான் கோர்ட்டுக்குப் போனது. 1924 பிப்ரவரி 29, தோச்சிகி மாகாணம். ஒரு வேட்டைக்காரர் இரண்டு பிராணிகளைத் துரத்திக் குகைக்குள் விட்டு, வாசலைக் கல் வைத்து அடைத்துவிட்டுப் போகிறார். மார்ச் 3இல் திரும்பி வந்து கல்லை எடுத்து அவற்றைக் கொல்கிறார். மார்ச் 1 முதல் தனுக்கி வேட்டைக்குத் தடை. போலீஸ் பிடித்தது. அவர் சொன்னது: நான் பிடித்தது முஜினா, தனுக்கி இல்லை, எங்கள் ஊரில் இரண்டும் வேறு வேறு. விலங்கியல்படி அவை தனுக்கிதான். ஆனால் 1925 ஜூன் 9இல் அன்றைய உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கல் வைத்து அடைத்த அன்றே, அதாவது பிப்ரவரி 29இலேயே, பிடித்தாயிற்று என்பது ஒரு காரணம். முஜினாவும் தனுக்கியும் வேறு என்று ஊரே காலம் காலமாக நம்பி வரும்போது, எச்சரிக்காமல் ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்பது இன்னொன்று. சட்டம் படிக்கும் ஜப்பானிய மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

நிஜத் தனுக்கி எப்படிப்பட்ட குடித்தனக்காரர்?

கழிப்பறை விஷயத்தில் மிகவும் ஒழுங்கு. ஒரு வட்டாரத்துத் தனுக்கிகள் எல்லாம் ஒரே இடத்தில் போய்க் குவிக்கும். யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்ற செய்தி அங்கேதான் பரிமாறப்படுகிறது என்கிறார்கள். தோக்கியோ நடுவில் அரண்மனைத் தோட்டத்திலும் தனுக்கிகள் இருக்கின்றன. பேரரசராக இருந்த அக்கிஹித்தோ 2009 முதல் 2013 வரை ஐந்து வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குவியலிலிருந்து மாதிரி எடுத்து, எந்த மாதம் எந்தப் பழ விதை இருக்கிறது என்று ஆராய்ந்து 2016இல் கட்டுரை வெளியிட்டார். ஒரு பேரரசர் குனிந்து தனுக்கிச் சாணம் பொறுக்கும் காட்சியை எந்தக் கதைக்காரனும் கற்பனை செய்திருக்க மாட்டான்.

கடை வாசல் தனுக்கி பொம்மைக்கு... அது ஏன் அவ்வளவு பெரிதாக?

எல்லோரும் கேட்பார்கள், கொஞ்சம் தயங்கிவிட்டு. பொற்கொல்லர்கள் தங்கத் துணுக்கைத் தனுக்கித் தோலில் சுற்றித் தட்டித் தகடாக்குவார்களாம்; தோல் அவ்வளவு நன்றாக விரியும். ஜப்பானியப் பேச்சில் விதைப்பைக்குப் பெயரே 'தங்கப் பந்து'. செல்வம் விரியட்டும் என்று வியாபாரிகள் வாசலில் வைக்கிறார்கள். பெரும்பாலும் ஷிகா மாகாணத்து ஷிகராக்கி ஊர்ச் சுடுமண் பொம்மைகள். அவ்வளவுதான் விஷயம்.

சாப்பாட்டுக் கடையில் நரி, தனுக்கி என்று நூடுல்ஸ் பெயர் பார்த்தேன். கறியா?

இல்லை, பயப்பட வேண்டாம். நரிக்குப் பிடித்தது பொரித்த டோஃபு என்பது நம்பிக்கை, அதனால் இனிப்பாக ஊறவைத்த பொரித்த டோஃபு போட்ட உதோன் நூடுல்ஸுக்கு 'நரி' என்று பெயர். தனுக்கியில்தான் தகராறு. தோக்கியோவில் தனுக்கி என்றால், மாவில் தோய்த்த தெம்பூரா பொரிக்கும்போது மிதக்கும் மாவுத் துணுக்குகளைத் தூவியது. ஒசாக்காவில் அதே பெயருக்குப் பொரித்த டோஃபு போட்ட சோபா என்ற வேறு வகை நூடுல்ஸ் வரும்: நூடுல்ஸ் மாறினால் நரி தனுக்கியாகிவிடும், அங்கேயும் வேடம்தான். கியோட்டோவில் நறுக்கிய டோஃபுவின் மேல் கெட்டியான இஞ்சிக் குழம்பு ஊற்றித் தருவார்கள். ஒரே நாட்டுக்காரர்களே வெளியூர் போனால் ஏமாந்துபோகிறார்கள்.

தோயோ சுய்சான் நிறுவனம் 1978இல் 'சிவப்பு நரி', 1980இல் 'பச்சைத் தனுக்கி' என்று கப் நூடுல்ஸ் கொண்டுவந்தது. இன்றும் கடை அலமாரியில் இரண்டும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. கோபோ தைஷியால் முடியாத சமாதானம் சூப்பர் மார்க்கெட்டில் முடிந்திருக்கிறது.

பூனை யாரோடு சேரும்?

யாரோடும் சேராது. பூனைக்குப் பூனைதான். யோகோஹாமாவில் ஒதோரிபா என்று ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது, பெயருக்கு அர்த்தம் 'ஆடுமிடம்'. தொட்சுகா ஊர் சோயா சாஸ் கடையில் தினமும் ராத்திரி கைத்துண்டு காணாமல் போகிறது. ஒரு நாள் முதலாளி வேறு வேலையாய்ப் போய்விட்டுத் திரும்பும் வழியில் பார்த்தால், ஊர்ப் பூனைகள் எல்லாம் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஆடுகின்றன, நடுவில் அவர் வீட்டுப் பூனை. அந்த இடம்தான் இது. பூனைகள் இரவில் விளக்கெரிக்கும் எண்ணெயை நின்றபடி நக்கும், அது பேயாவதற்கு அடையாளம் என்றும் சொல்வார்கள். அந்தக் காலத்து ஏழை வீட்டு விளக்கில் எரிந்தது மத்தி மீன் எண்ணெய். பூனை நக்காமல் என்ன செய்யும்?

நாயும் குரங்கும்?

நாம் கீரியும் பாம்பும் என்பதை அவர்கள் நாயும் குரங்கும் என்பார்கள். ஆனால் மோமோதாரோ கதையில், பூதங்களின் தீவுக்குப் படையெடுக்கும் பையனோடு நாய், குரங்கு, காட்டுக்கோழி மாதிரி ஒரு பறவை மூன்றும் ஒன்றாகப் போகின்றன. எப்படி? ஆளுக்கு ஒரு தினை உருண்டை. சம்பளம் பேசினார்கள், வந்தார்கள், வேலையை முடித்தார்கள். நட்பு என்று யாரும் சொல்லவில்லை.

குரங்குக்கு இன்னொரு எதிரி கப்பா. கப்பா குதிரையைத் தண்ணீருக்குள் இழுக்கும், குரங்கு குதிரையைக் காக்கும். அதனால் லாயத்தில் குரங்கு கட்டும் வழக்கம் இருந்தது. நிக்கோவில் 'தீயதைப் பார்க்காதே, கேட்காதே, பேசாதே' என்று மூன்று குரங்குகள் இருக்கின்றனவே, அந்தச் சிற்பம் இருப்பது ஒரு குதிரை லாயத்தின் சுவரில்.

கப்பாவோடு எப்படிச் சமாளித்தார்கள்?

எழுதி வாங்கிக்கொண்டார்கள். நாட்டாரியல் அறிஞர் யனகிதா குனியோ 1910இல் வெளியிட்ட தோனோ வட்டாரக் கதைகளில் ஒன்று: ஆற்றோரம் விட்டிருந்த குதிரையைக் கப்பா இழுக்கப் பார்க்கிறது. குதிரை வலுவாக இருந்ததால் கப்பாவையே இழுத்துக்கொண்டு லாயத்துக்கு ஓடி வந்துவிடுகிறது. கப்பா பயந்து கவிழ்ந்த தீவனத் தொட்டிக்கு அடியில் ஒளிகிறது. வீட்டார் தொட்டி கவிழ்ந்திருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் தூக்கினால், உள்ளேயிருந்து ஒரு கப்பாவின் கை. ஊர் கூடுகிறது. கொல்வதா விடுவதா என்று பேச்சு. கடைசியில், இனி இந்த ஊர்க் குதிரை மேல் கைவைக்க மாட்டேன் என்று கப்பாவிடம் உறுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். கப்பா வேறொரு அருவிக் குளத்துக்குக் குடிபோகிறது. வேறு ஊர்களில் இதே கதையில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கும், அல்லது எலும்பு முறிவுக்கு வைத்தியம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகும்.

தோனோவில் இப்போது மனிதர்களும் உரிமம் வாங்க வேண்டியிருக்கிறது. சுற்றுலாக்காரர்களுக்குக் கப்பா பிடிக்கும் அனுமதிச் சீட்டு விற்கிறார்கள். உயிரோடு பிடிக்க வேண்டும், காயப்படுத்தக் கூடாது, தூண்டிலில் காய்கறிதான் வைக்கலாம் என்று நிபந்தனைகள் அதில் இருக்கும். இன்றுவரை யாருக்கும் சிக்கவில்லை.

மனிதரும் நரியும் சேர்ந்து வாழ முடிந்ததா?

ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துத் தொகுப்பு ஒன்றில் ஜப்பானின் மினோ என்ற பழைய மாகாணத்துக்காரர் ஒருவர் கதை வருகிறது. வழியில் பார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்கிறார், பையன் பிறக்கிறான், வீட்டு நாய்க்குட்டி மட்டும் அவளைப் பார்த்தாலே குரைக்கிறது. ஒரு நாள் கடிக்கப் பாய, அவள் பயந்து நரியாகி வேலி மேல் ஏறி நிற்கிறாள். கணவர் கத்தவில்லை. 'நமக்குப் பிள்ளை இருக்கிறது, உன்னை மறக்க மாட்டேன், எப்போதும் வந்து தூங்கிவிட்டுப் போ' என்கிறார். அவளும் அப்படியே வந்து போகிறாள். 'வந்து தூங்கு' என்பதற்குப் பழைய ஜப்பானியத்தில் 'கிட்சு நே', அதிலிருந்துதான் கிட்சுனே என்ற பெயர் என்று கதை முடிகிறது. சொல்லாராய்ச்சியாக இது நிற்காது. ஆனாலும் சேர்ந்து வாழ்வதற்கு இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் எந்தக் கதையிலும் படித்ததில்லை.

இதற்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட மனசில்லை. ஷிமானே மாகாணத்து இசுமோ பக்கம் சில குடும்பங்களை 'நரி வைத்திருப்பவர்கள்' என்று முத்திரை குத்தினார்கள். அந்த வீட்டில் கண்ணுக்குத் தெரியாத 75 நரிகள் உண்டு, பெண் கட்டினால் பெண்ணோடு நரிகளும் வந்துவிடும் என்று நம்பிக்கை. யாரும் சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) புதிதாகப் பணம் சேர்த்த வீடுகள் மேல் வந்த பொறாமைதான் இதன் வேர் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் இது ஓயவில்லை, கல்யாணங்கள் நின்றுபோயின. இங்கே நரி யாரையும் ஒன்றும் செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு வாழ முடியாதவர்கள் பழியை நரி மேல் போட்டார்கள்.

இந்த நரிக் கதைகளுக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் வேடிக்கையான தொடர்பு. இந்தியாவிலிருந்து புத்த மதத்தோடு டாகினி என்ற தெய்வ வடிவம் போனது. நம் ஊரில் சுடுகாட்டோடும் ஊளையிடும் நரியோடும் சேர்ந்தவள். அந்த நரி உண்மையில் ஜாக்கல், ஆங்கிலத்தில் ஃபாக்ஸ் என்கிற பிராணி இல்லை; ஜப்பானில் ஜாக்கலே கிடையாது. ஏட்டில் இருந்த பெயருக்கு அவர்கள் தங்களுக்குத் தெரிந்த நரியையே பொருத்திக்கொண்டார்கள். டாகினி வெள்ளை நரி மேல் ஏறினாள், அப்புறம் இனாரியோடு கலந்துவிட்டாள். தமிழில் நரி என்ற ஒரே சொல் இரண்டு பிராணியையும் சுமப்பதால், நமக்கு இதை விளக்குவதே கொஞ்சம் சிரமம்.

இன்னொன்று, தமாமோ நோ மாஏ என்ற ஒன்பது வால் நரி. ஜப்பானியப் பேரரசரை மயக்குவதற்கு முன்னால் சீனாவிலும், அதற்கு முன் இந்தியாவில் கல்மாஷபாதன் என்ற அரசனிடமும் இதே வேலையைச் செய்தவள் என்று கதை. செத்தபின் நாசு மலையில் விஷம் கக்கும் கல்லானாள். 2022 மார்ச்சில் அந்தக் கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. மழைத் தண்ணீர் புகுந்து உறைந்ததால் விரிந்திருக்கும் என்றார்கள். ஊர் உலகம் எல்லாம் நரி வெளியே வந்துவிட்டது என்று பேசியது.

வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் அங்கேயும் நரிக்குக் கல்யாணமா?

ஆமாம். நாம் 'காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம்' என்போம், அவர்கள் 'நரி வீட்டுக் கல்யாணம்' என்பார்கள். அங்கே மாப்பிள்ளையும் நரி, பெண்ணும் நரி. பொருந்தாத ஜோடியைச் சேர்த்துவைத்த பெருமை நமக்குத்தான். ராத்திரி மலைச்சரிவில் வரிசையாக விளக்கு தெரிந்தாலும் அதுவும் நரிக் கல்யாண ஊர்வலம்தான்.

நான் கதை எழுதப் போகிறேன். நரி, தனுக்கி, பூனை, கப்பா நாலையும் ஒரு வீட்டில் வைக்கலாமா?

தாராளமாக. ஆனால் நாய் வளர்க்காதீர்கள், நரி அன்றே போய்விடும். வாடகையை ராத்திரி வாங்காதீர்கள். விடிந்தால் பெட்டியில் இலைதான் இருக்கும், அதுவும் தனுக்கி மாசக் கடைசியில் கொடுத்தால் உதிர்ந்து காய்ந்த இலை. விளக்குக்கு மீன் எண்ணெய் வேண்டாம். டோஃபுவை எண்ணி வையுங்கள். கழிப்பறை ஒன்றே ஒன்று என்றால் தனுக்கிக்கு சந்தோஷம், மற்றவர்களுக்குக் கப்பா பயம், ஏனென்றால் பழைய கதைகளில் கப்பா கழிப்பறைக்குக் கீழேயிருந்து கைநீட்டும் பழக்கம் உள்ளது. கப்பாவை வழிக்குக் கொண்டுவர ஒரே வழி குனிந்து வணக்கம் சொல்வது. அதுவும் மரியாதைக்குக் குனியும், தலைத் தண்ணீர் கொட்டும், பலம் போய்விடும். ஆனால் தினமும் காலையில் இதைச் செய்தால் அது குடித்தனம் இல்லை, கொடுமை. தண்ணீரை நிரப்பி விடவும் யாராவது இருக்க வேண்டும். அது யார் என்பதில்தான் உங்கள் கதை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நரியும் தனுக்கியும் நிஜமாகவே ஒன்றாக இருக்கும் இடம் ஏதாவது?

ஒன்று தெரியும். தோக்கியோவில் அக்கிஹபாரா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கந்தா ஆற்றங்கரையில் யனகிமோரி என்று ஒரு சின்னக் கோயில். தெருமட்டத்திலிருந்து படியிறங்கிப் போக வேண்டும். அடிப்படையில் இது இனாரி கோயில், நரி வீடு. ஆனால் அதே வளாகத்தில் தனுக்கிக்கும் தனிச் சன்னிதி இருக்கிறது. நாட்டை ஆண்ட படைத்தலைவர்களான ஷோகுன்களில் ஐந்தாமவர் சுனயோஷி; அவருடைய தாய் கெய்ஷோஇன், காய்கறிக் கடைக்காரர் மகளாக இருந்து எடோ (இன்றைய தோக்கியோ) கோட்டைக்குள் போனவர் என்று சொல்வார்கள். அவர் கும்பிட்ட தனுக்கி பிற்பாடு இங்கே குடிவந்தது. 'த நுக்கி' என்று பிரித்தால் 'பிறரை முந்து' என்று அர்த்தம் வரும். அதனால் பரீட்சை எழுதுகிறவர்களும் பதவி உயர்வு வேண்டுகிறவர்களும் தனுக்கியைத் தேடி வருகிறார்கள். நரியிடம் வியாபாரத்துக்கு வேண்டிக்கொண்டு, நாலு எட்டு நடந்து தனுக்கியிடம் பரீட்சைக்கு வேண்டிக்கொள்ளலாம். முதலாமவரிடம் கேட்டதை இரண்டாமவரிடம் சொல்லத் தேவையில்லை.